நாற்பதுக்கு முப்பத்தெட்டு

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: முப்பருவ முறை மற்றும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை. வந்த தாளில் அப்படித்தான் இருந்தது, இரண்டு 'மற்றும்'களோடு. எங்கள் ஹெச்.எம். தமிழில் எம்.ஏ. படித்தவர். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இதை வாசிக்கும்போது இரண்டாவது 'மற்றும்' வந்ததும் நிறுத்தினார். டைப் அடித்தவர் ஏதோ விட்டுவிட்டார் போல என்று தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. அவர் பேசி முடித்துவிட்டார் என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். 2012 ஜூனில், எட்டாம் வகுப்பு வரைக்கும் மார்க்கை இறக்கிவிட்டு கிரேடை அரியணை ஏற்றிய வைபவம் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் இவ்வளவு எளிமையாக நடந்து முடிந்தது.

நான் அறிவியல் வாத்தியார். ஓய்வு பெற்றாயிற்று, பென்ஷன் ஒழுங்காக வருகிறது, இனிமேல் எனக்கு மெமோ கொடுக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

கிரேடு வந்ததற்கு முந்தின வருஷம் நாங்கள் பார்த்த வேலை என்ன தெரியுமா? ஸ்டிக்கர் ஒட்டுவது. 2011இல் ஆட்சி மாறியது. முந்தின ஆட்சி கொண்டுவந்த, எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி இருக்கட்டுமா போகட்டுமா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்ட் 9ஆம் தேதி தீர்ப்பு வந்து, புத்தகம் பிள்ளைகள் கைக்கு வருவதற்குள் காலாண்டுப் பரீட்சையே எட்டிப் பார்த்துவிட்டது. வந்த புத்தகத்திலும் சில பக்கங்கள் புதிய அரசுக்கு ஆகாது. பசையும் கறுப்பு மையுமாக உட்கார்ந்து மறைத்தோம். பிள்ளைகள் இடைவேளையில் எச்சில் தொட்டு ஸ்டிக்கரை உரித்து, அடியில் என்ன இருக்கிறது என்று படித்தார்கள். அந்த வருஷம் யாரும் சொல்லாமலே அவர்கள் கருத்தூன்றிப் படித்த பக்கங்கள் அவைதாம். இப்படிப்பட்ட அனுபவசாலிகளிடம்தான் மறு வருஷம் குழந்தைகளை மதிப்பிடும் புதிய பொறுப்பு வந்து சேர்ந்தது.

காரணம் இல்லாமல் வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது, பொதுத்தேர்வு கூடாது, பிள்ளையைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சி.பி.எஸ்.இ. 2009லேயே ஆரம்பித்துவிட்டது. நம் மாநிலம் அதோடு முப்பருவத்தையும் சேர்த்தது: ஒரு வருஷத்துப் புத்தகத்தை மூன்றாக வெட்டி, பருவத்துக்கு ஒன்றாகக் கொடுப்பது. பையின் கனம் குறையும். குறைந்தது, உண்மை. இந்தத் திட்டத்தில் சொன்னபடி நடந்த ஒரே சங்கதி அதுதான் என்று கணக்கு வாத்தியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பயிற்சி மூன்று நாள். கருத்தாளர் வந்ததும் எங்களை வட்டமாக நிற்கவைத்துக் கைதட்டிப் பாடச் சொன்னார். ஐம்பத்தாறு வயது கணக்கு வாத்தியார், மூட்டுவலிக்காரர், தவளை மாதிரி குதித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். மதிப்பீடு இரண்டு வகை. வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு. வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60. வளரறியில் மறுபடி இரண்டு: செயல்பாட்டுக்கு 20, குறுந்தேர்வுக்கு 20. வாயில் நுழையாததால் முதல் டீ வருவதற்குள் எல்லாரும் எஃப்.ஏ., எஸ்.ஏ. என்று பேச ஆரம்பித்துவிட்டோம். எஃப்.ஏ.வுக்குள் ஒரு ஏ, ஒரு பி. "எஃப்.ஏ. ஏ போட்டாச்சா, எஃப்.ஏ. பி போட்டாச்சா" என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டிருந்ததை வெளியே இருந்து கேட்ட சத்துணவு ஆயா, எங்களுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கிரேடு மொத்தம் ஒன்பது. 91 முதல் ஏ1, அங்கிருந்து பத்துப் பத்தாக ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று இறங்கி, 33க்கு டி, அதற்கும் கீழே இ1, இ2. சென்னையில் வேலை பார்த்துவிட்டு வந்த சமூக அறிவியல் டீச்சர் பட்டியலைப் பார்த்ததும், "இதெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் சார்" என்றார். நிஜந்தான். பி1 நார்த் பீச், இ1 மயிலாப்பூர், இ2 ராயப்பேட்டை. சுமாராகப் படிக்கிற பிள்ளையை எந்த ஸ்டேஷனில் ஒப்படைப்பது என்பதுதான் பயிற்சியின் சாரம் என்று அன்று முடிவாயிற்று. பெற்றோர் கூட்டத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா எழுந்து, "ஏ1ன்னா எங்க கோர்ட்ல முதல் குற்றவாளிங்க. என் பொண்ணு பேருக்கு நேரா அதை ஏன் போட்டீங்க?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

மார்க்கைச் சொன்னால் பிள்ளைகள் மனசு புண்படும், ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், கிரேடு என்றால் அந்தத் தொல்லை இல்லை என்பது தத்துவம். ஒரு வாரம் தாக்குப் பிடித்தது. அதற்குள் எட்டாம் வகுப்புப் பையன்கள் எஃப்.ஏ., எஸ்.ஏ. இரண்டையும் கூட்டி, எந்த ஏ2 88, எந்த ஏ2 81 என்று துல்லியமாகக் கண்டுபிடித்து, கணக்கு வாத்தியாரே சொல்லித்தராத தசமத்தில் வரிசைப்படுத்திவிட்டார்கள். பெற்றோர் கேட்ட முதல் கேள்வி: "ஏ2ன்னா எத்தனை மார்க் சார்?" இரண்டாவது கேள்வி: "பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு?" பக்கத்து ஊர்த் தனியார் பள்ளி ஒன்றில் கிரேடுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக மார்க்கையும் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அங்கே சேர்க்கை கூடியது.

இனி முப்பத்தெட்டின் கதை.

முதல் பருவத்தில் நான் யோக்கியமாக எஃப்.ஏ. போட்டேன். ஒருத்திக்கு 33, ஒருத்தனுக்கு 26, கடைசி பெஞ்சில் ஒருவனுக்கு 17. ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

"சார், வளரறியில பதினேழு போட்டிருக்கீங்க. பையன் வளரலைன்னு அர்த்தமா, நீங்க வளர்க்கலைன்னு அர்த்தமா?"

நான் விழித்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். பதினேழு போட்டால் குறைதீர் கற்பித்தல் நடத்தியதற்கு ஒரு பதிவேடு வேண்டும். பெற்றோரை அழைத்துப் பேசியதற்கு ஒன்று. மறுபடி வைத்த தேர்வுக்கு ஒன்று. முதன்மைக் கல்வி அலுவலர், அதாவது சி.இ.ஓ., விசிட் வந்தால் மூன்றையும் கேட்பார். முப்பத்தெட்டு போட்டால் ஒன்றும் வேண்டாம்.

"அப்ப நாற்பதே போட்டுடலாமே சார்?"

"நாற்பது போட்டா நாம ஏமாத்தறோம்னு நினைப்பாங்க" என்றார். பெரிய மனுஷர், அனுபவஸ்தர்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்டாஃப் ரூமில் யாரும் யாரிடமும் இதைப் பேசிவைத்துக்கொள்ளவில்லை. தமிழய்யா தனியாக முப்பத்தெட்டுக்கு வந்து சேர்ந்தார். இங்கிலீஷ் டீச்சர் தனியாக வந்து சேர்ந்தார். மாவட்டம் தாண்டி வேலை பார்த்த என் மைத்துனரிடம் போனில் விசாரித்தேன். "மாமா, நாங்க முப்பத்தேழு" என்றார். அங்கே ஹெச்.எம். கொஞ்சம் பயந்த சுபாவம்.

இந்த இடத்தில் ஒரு வெளிநாட்டுச் சமாசாரம். மார்க்கை எழுத்தாக மாற்றும் யோசனையை 1897லேயே அமெரிக்காவில் மவுன்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரி செய்து பார்த்தது. அங்கே 95 முதல் ஏ. 75க்குக் கீழே போனால் இ, அதாவது ஃபெயில். நாம் 33க்கே டி கொடுத்து வழியனுப்பினோம், நாம் தயாள குணம் உள்ளவர்கள். பதினைந்து வருஷம் கழித்து ஸ்டார்ச், எலியட் என்று இரண்டு பேர் அதே நாட்டில் ஒரு குறும்பு செய்தார்கள். ஒரே விடைத்தாளை நகல் எடுத்து ஊர் ஊராக உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பி, திருத்தித் தாருங்கள் என்றார்கள். ஆளுக்கொரு மார்க் வந்தது. அது இங்கிலீஷ் தாள், அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்லவும், அடுத்து ஜியோமிதித் தாளை அனுப்பினார்கள். இன்னும் மோசம். நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் திருத்திய அதே தாளுக்கு 28 போட்டவரும் இருந்தார், 90க்கு மேல் போட்டவரும் இருந்தார். மார்க் என்பது பிள்ளையைச் சொல்கிறதா, திருத்துகிற வாத்தியார் அன்றைக்குச் சாப்பிட்டாரா இல்லையா என்பதைச் சொல்கிறதா என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது. அந்தத் தாளை எங்கள் மாவட்டத்துக்கு அனுப்பியிருந்தால் அவர்கள் ஆராய்ச்சி அன்றோடு முடிந்திருக்கும். எல்லாரும் 38.

செயல்பாடு என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். பள்ளிக்கு எதிரே ஒரு ஸ்டேஷனரி கடை. அதுவரை ரப்பர், பென்சில், இஞ்சி மரப்பா என்று வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரர் முதல் பருவம் முடிவதற்குள் ஃப்ரிட்ஜ் வாங்கினார். சார்ட் பேப்பர், தெர்மாகோல், ஃபெவிகால், ஜிகினாத் தூள். தலைவர்கள் படம், காய்கறிகள் படம், விலங்குகள் படம் எல்லாம் வரிசையாக அச்சடித்த தாள். நேருவை வெட்டி ஒட்ட வேண்டியதுதான். ஒரு வகுப்பில் ஐம்பது பேர் சார்ட். ஐம்பதிலும் அதே நேரு, அதே ரோஜா, இரண்டு மூன்றில் மட்டும் கத்தரிக்கோல் வழுக்கிக் காது போயிருக்கும். இரண்டாம் பருவத்தில் கடை வாசலில் அட்டை தொங்கியது: 'இங்கு ப்ராஜெக்ட் செய்து தரப்படும்.' எரிமலை 150 ரூபாய். மழைநீர் சேகரிப்பு 120. பல்பு எரிந்தால் முப்பது ரூபாய் கூடுதல்.

கடைக்குப் போக வசதியில்லாத வீடுகளில் அம்மாக்கள் செய்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில், கரண்டு இல்லாத அந்த 2012இல், தெர்மாகோலை பிளேடால் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டி சார்ட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். பேரன் பின்னால் வெறுங்கையோடு. "சாமி, சூரியனைச் சுத்திக் கிரகம் எட்டா ஒம்போதான்னு தெரியாம ஒம்போது ஒட்டிப்புட்டேன். ஒண்ணைப் பிச்சுடட்டுமா?" என்று கேட்டார். புளூட்டோவைப் பற்றி எங்கள் வகுப்பில் யாருமே அதுவரை கேட்டதில்லை. பாட்டிக்கு ஏ1 கொடுக்கப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

கட்டம் என்றால் சாதாரணமில்லை. 2013இல் ஒன்பதாம் வகுப்பும் இந்த முறையில் சேர்ந்த பிறகு எனக்கு நாலு வகுப்பு, வகுப்புக்கு ஐம்பது பேர். எங்கள் பள்ளியில் ஆளுக்கு நாலு செயல்பாடு, நாலு குறுந்தேர்வு. பருவத்துக்கு 1,600 கட்டம், வருஷத்துக்கு 4,800. நான் பாடம் நடத்திய அறிவியலில் ஒளிவிலகல் இருந்தது, அமிலம் இருந்தது, தவளையின் இதயம்கூட இருந்தது. ஆனால் முதல் இரண்டு வருஷத்தில் என் கை அதிகம் எழுதியது 9 என்ற எண்ணும் 10 என்ற எண்ணும்தான். வகுப்பாசிரியர்களுக்கு இதற்கு மேல் ஒரு தண்டனை: வாழ்வியல் திறன்கள். தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், முடிவெடுத்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல் என்று பத்து. உலக சுகாதார நிறுவனம் போட்ட பட்டியல், குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துக்கும் கிரேடு.

மறுநாள் விசிட் என்று செய்தி வந்த ஒரு சாயங்காலம். சமூக அறிவியல் டீச்சர், ஐம்பத்திரண்டு பேருக்கு மன அழுத்தத்தைக் கையாளும் திறனை எழுதிக்கொண்டிருக்கிறார். ஆறரை மணி பஸ் போய்விட்டது. அடுத்தது எட்டேகாலுக்கு. வீட்டிலிருந்து போன்: குழந்தைக்குக் காய்ச்சல். டீச்சர் பேனாவை மேஜையில் போட்ட வேகத்தில் நிப்பு வளைந்தது. பதிவேட்டை மூடிவிட்டு, அப்படியே திறந்து, முப்பத்தோராம் பையனுக்கு 'பி' என்று எழுதினார். அந்தப் பையன் அதற்கு முந்தின நாள்தான் கபடியில் இன்னொருவன் பல்லை உடைத்தவன். பல் போனவனுக்கும் 'பி'. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. நான் என் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் அவரை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் விசிட்டுக்கு யாரும் வரவில்லை.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் என் மனசாட்சி எனக்கு இ2 போட்டுவிடும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். மின்காந்தப் பாடத்துக்குச் செயல்பாடு கொடுத்தபோது மற்றவர்கள் எரிமலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாடத்துக்கும் எரிமலைக்கும் சம்பந்தம் கிடையாது, ஆனால் கடையில் அதுதான் ஸ்டாக் இருந்தது. இவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம், தாமிரக் கம்பி, இரண்டு ஊக்கு, டார்ச் பேட்டரி எடுத்தான். கம்பியை விரலில் பத்துச் சுற்றுச் சுற்றினான். ஒரு முனையின் எனாமலைப் பாதிச் சுற்றுக்கு மட்டும் பிளேடால் சுரண்டினான். ஏன் பாதி என்று கேட்டேன். "முழுசாச் சுரண்டினா முன்னாடி தள்ளும், பின்னாடி இழுக்கும் சார். ஆடிக்கிட்டு நிக்கும், சுத்தாது" என்றான். இருபது வருஷமாக நான் பலகையில் வரைந்து காட்டி ஒரு பிள்ளைக்கும் புரியவைக்க முடியாத திசைமாற்றி அது. மேஜைமேல் அந்தக் கம்பிவளையம் விர்ரென்று சுற்றியது.

எஃப்.ஏ.வில் அவனுக்கு 38 போட்டேன். எஸ்.ஏ.வில் அவன் 60க்கு 11. மொத்தம் 49, சி2. பழைய முறையாயிருந்தால் பதினொன்றைப் பார்த்துவிட்டு முட்டி போடச் சொல்லியிருப்போம். படிப்பில் தேறியதாகத் தாளில் அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையெழுத்து வாங்கப் போன அட்டையை அவன் அப்பா பட்டறையில் மாட்டிவைத்திருந்தாராம்.

ஆனால் 150 ரூபாய் எரிமலைக்கும் நான் 38தான் போட்டிருந்தேன். பதிவேட்டை எடுத்துப் பார்க்கிறவர் எவராயிருந்தாலும் இரண்டு முப்பத்தெட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. புதிய முறை அவனைக் கண்டுபிடிக்கத்தான் வந்தது. கண்டும் பிடித்தது. நாங்கள்தான் அவனை மற்ற நாற்பத்தொன்பது பேரோடு சேர்த்து ஒளித்துவைத்தோம். எங்கள்மேல் அலுவலகத்துக்கு நம்பிக்கை இல்லை, அதனால் பதிவேடு கேட்டது. பதிவேடு கேட்டதால் நாங்கள் பொய் எழுதினோம். எழுதியது பொய் என்று தெரிந்ததால் அலுவலகம் இன்னொரு பதிவேடு கேட்டது.

2013இல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த கிரேடு, அடுத்த வருஷம் பத்துக்கும் வரும் என்றார்கள். வரவில்லை. பத்தாம் வகுப்பு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. ஆக, மூன்று மாதத்துப் பாடத்தை எழுதி, எழுதிய மறுநாளே மறந்துவிடலாம் என்று பழக்கிவைத்த பிள்ளைகளைப் பத்தாவதில் கொண்டுபோய், ஒரு வருஷத்துப் பாடம் முழுவதையும் ஒரே மூச்சில் எழுது, ஐந்நூறுக்கு எழுது என்றோம். அவர்கள் முழித்த முழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மோட்டார் பையன் அறிவியல் செய்முறையில் 25க்கு 25. எழுத்துத் தேர்வில் 75க்கு 17. தேற 20 வேண்டும்.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். 2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். ஃப்ளெக்ஸ் அடிப்பவர்களுக்குத்தான் அது பேரிடி. சி.பி.எஸ்.இ. 2018இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைக் கட்டாயமாக்கிப் பழையபடி திரும்பியது. 2019இல் ஐந்துக்கும் எட்டுக்குமே பொதுத்தேர்வு என்று நம் மாநிலம் ஒரு குண்டு போட்டு, 2020 பிப்ரவரியில் தானே அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டது. அடுத்த மாதம் கொரோனா.

அந்த ஜூன் 9ஆம் தேதி பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தார்கள். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம். வருஷம் முழுக்கப் பிள்ளை என்ன செய்தான் என்று தொடர்ந்தும் முழுமையாகவும் எழுதிவைத்த ஒரு தாள் அன்றைக்கு இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்! ஒரு அப்பா போன் பண்ணினார். "சார், அரையாண்டு மார்க்கைத்தான் எடுப்பாங்கன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் புள்ளை ஒழுங்கா எழுதியிருப்பானே?"

விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு. திருத்தின தாளை நாங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். அதில் பாதி பஜ்ஜிக் கடையில் எண்ணெய் பிழிந்துகொண்டிருந்தது. ஏதாவது கிடைக்குமா என்று மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நானும் புது ஹெச்.எம்.மும் ஆபீஸ் ரூம் பீரோவைத் திறந்தோம். காலாண்டும் இல்லை, அரையாண்டும் இல்லை. மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை 2012-13, 2013-14 எஃப்.ஏ. பதிவேடுகள். ஒன்றைக்கூடக் கரையான் தொடவில்லை. ஒரு கட்டம் காலி இல்லை, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து, முத்திரை.

"இதை என்ன சார் பண்றது?" என்றார் ஹெச்.எம்.

ஆடிட் முடியாமல் எடுக்கக் கூடாது என்றேன். பூட்டிவிட்டு வந்தோம். போன மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாகப் பள்ளிக்குப் போயிருந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கின்றன.